ரோபோவோட காலை விடுங்க, கையைப் பாருங்க

இப்பல்லாம் போனைத் திறந்தா மனுஷ உருவத்துல செஞ்ச ஹ்யூமனாய்டு ரோபோ வீடியோ ஒண்ணாவது கண்ணுல படாம இருக்கறதில்ல. ஒண்ணு குட்டிக்கரணம் அடிக்குது, ஒண்ணு குங்ஃபூ போடுது, இன்னொண்ணு கிச்சன்ல நின்னு தட்டை எடுத்து அடுக்குது. பாக்கறவங்கள்ல பாதிப் பேர் இன்னும் அஞ்சு வருஷத்துல நம்ம வேலை எல்லாம் போச்சுங்கறாங்க, மீதிப் பேர் எல்லாம் சும்மா பில்டப்புங்கறாங்க. ரெண்டுமே சரியில்லன்னுதான் நான் நினைக்கிறேன். உண்மையிலேயே பெரிய முன்னேற்றம் நடந்திருக்கு, ஆனா அது உடம்புல ஒரு பாதிக்குத்தான் நடந்திருக்கு. கால் விஷயம் கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு, கை விஷயம் இன்னும் ஆரம்பக் கட்டத்துலயே நிக்குது, நமக்கு வேலை ஆகறதோ பெரும்பாலும் கையால. இதை மனசுல வச்சுக்கிட்டா எந்த வீடியோவை எவ்வளவு நம்பலாம்னு ஓரளவு நாமளே எடை போட்டுடலாம்.

கதை 1973ல ஆரம்பிக்குது. டோக்கியோ வசேடா யூனிவர்சிட்டியில இச்சிரோ கட்டோங்கற பேராசிரியரோட டீம் வாபாட்-1னு ஒண்ணு செஞ்சாங்க, மனுஷ சைஸ்ல கை காலோட முழுசா செஞ்ச முதல் ரோபோன்னு அதைத்தான் சொல்றாங்க. 1986ல ஹோண்டா கம்பெனி வெளிய மூச்சு விடாம நடக்கற கால் செய்ய ஆரம்பிச்சாங்க, பத்து வருஷம் கழிச்சு 1996 டிசம்பர்ல பி2ன்னு ஒரு ரோபோவை வெளிய காட்டுனப்ப இந்தத் துறையில இருந்தவங்களே அசந்துட்டாங்க, அதுக்கப்புறம் 2000ல வந்ததுதான் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச அசிமோ. அது நடக்கற விதத்தைக் கவனிச்சிருக்கீங்களா? முட்டி எப்பவும் லேசா மடங்கியே இருக்கும், பாதம் தட்டையா தரையில பதியும். ஏன்னா உடம்போட எடையும் அசைவும் சேந்து தரையை அழுத்தற அந்த ஒரு புள்ளி பாதத்துக்கு உள்ளயே இருக்கணும், வெளிய போனா ஆள் கவுந்துரும், அதனால ஒவ்வொரு அடியையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்தக் கணக்குப்படியே கால் வைக்கும். யுகோஸ்லாவியாவுல மியோமிர் வுகோப்ரடோவிச்ங்கறவர் கொண்டுவந்த கணக்கு அது, ரொம்ப நாளைக்கு நடக்கற ரோபோ எல்லாம் அதை நம்பித்தான் நின்னுச்சு. தரை சமமா இருந்து, எப்படி இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சும் இருந்தா பிரமாதமா வேலை செய்யும். எதிர்பாக்காத ஒரு மேடு பள்ளம் வந்தா முடிஞ்சுது. 2006ல டோக்கியோவுல ஜனங்க முன்னாடி படி ஏறிக் காட்டும்போது அசிமோ பின்னாடி சரிஞ்சு விழுந்துச்சு.

அதைவிடப் பெரிய அடி 2011 மார்ச்ல விழுந்துச்சு. புகுஷிமா அணு உலையில விபத்து, உள்ள கதிர்வீச்சு, மனுஷங்க போக முடியாது. உலகத்துலயே ரோபோவுக்குப் பேர் போன நாடு ஜப்பான், அப்ப அசிமோவை அனுப்பலாமேன்னு ஜனங்க கேட்டாங்க, நியாயமான கேள்விதானே. அனுப்ப முடியல. இடிஞ்சு கிடக்கற கான்கிரீட், தண்ணி, இருட்டு, வயர்லெஸ் சிக்னல் எடுக்காத தடிச்ச சுவர், இது எதுக்காகவும் அதைச் செய்யல. முதல்ல உள்ள போனது அமெரிக்கால ஐரோபோட் கம்பெனி ராணுவத்துக்காக செஞ்ச பேக்பாட், டாங்கி மாதிரி பெல்ட்ல ஓடற ஒரு குட்டி வண்டி, அதுல ஒரு கை, ஒரு கேமரா, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் கழிச்சு 2013ல ஹோண்டாவே புகுஷிமாவுக்கு ஒண்ணு கொடுத்தாங்க. அசிமோவுக்காகப் படிச்ச வித்தையை வச்சு ஹோண்டா ஒரு நீளமான ரோபோ கையைச் செஞ்சது, அதை ஜப்பான் அரசோட ஆராய்ச்சி நிறுவனம் செஞ்ச பெல்ட் வண்டி மேல ஏத்தினாங்க, உசரத்துல இருக்கற பைப்பை எல்லாம் எட்டிப் பாக்கறதுக்கு. அதாவது அவசரம்னு வந்தப்ப அசிமோ செஞ்சவங்களே காலைக் கழட்டிட்டு கையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அசிமோ வேலைகளை 2018ல நிறுத்தினாங்க.

புகுஷிமாவைப் பாத்துட்டு அமெரிக்க ராணுவத்தோட ஆராய்ச்சிப் பிரிவான தார்பா ஒரு போட்டி வச்சுது. 2015 ஜூன்ல கலிஃபோர்னியாவுல பொமோனாங்கற ஊர்ல ஃபைனல். காரை ஓட்டிட்டு வரணும், இறங்கணும், கதவைத் திறக்கணும், வால்வைத் திருகணும், சுவத்துல டிரில் வச்சு ஓட்டை போடணும், இடிபாட்டைத் தாண்டணும், படி ஏறணும். ஒரு வளந்த ஆளுக்குப் பத்து நிமிஷ வேலை கூட இருக்காது. அன்னிக்கு விழுந்த ரோபோக்களோட தொகுப்பு வீடியோவை உலகமே பாத்துச்சு, கதவுப் பிடியைத் தொடும்போதே சாயறது, காரை விட்டு இறங்கி ஒரு அடி வைக்கறதுக்குள்ள முகம் குப்புற விழறதுன்னு. ஜெயிச்சது தென் கொரியாவோட கைஸ்ட் யூனிவர்சிட்டி டீம், ஹுபோன்னு பேரு, 44 நிமிஷம் 28 செகண்ட்ல எல்லாத்தையும் முடிச்சுது, 20 லட்சம் டாலர் பரிசு. எப்படி ஜெயிச்சுதுன்னு பாருங்க, அதோட கால்ல சக்கரம் வச்சிருந்தாங்க, நடக்கத் தேவையில்லாத இடத்துல மண்டி போட்டு உக்காந்துக்கிட்டு உருண்டே போயிருச்சு. அது ஏமாத்து இல்ல, ரொம்ப புத்திசாலித்தனமான முடிவுன்னு எனக்கு இன்னிக்கும் தோணுது.

இது 2015. அங்கேர்ந்து பத்தே வருஷத்துல குட்டிக்கரணம் வரைக்கும் எப்படி வந்தாங்க? ரெண்டு விஷயம் மாறுச்சு. ஒண்ணு மோட்டார். அசிமோ காலத்துல சின்ன மோட்டாருக்கு பெரிய கியர் போட்டு பலம் வர வச்சாங்க, அதுல அசைவு துல்லியமா இருக்கும், ஆனா கால் தரையில மோதற அதிர்ச்சியை அந்தக் கியர் தாங்காது, வெளியிலிருந்து யாராவது தள்ளினா அதை உணரவும் முடியாது. அமெரிக்கால எம்ஐடி யூனிவர்சிட்டியில நாலு கால் ரோபோ செஞ்சவங்க இதைத் திருப்பிப் போட்டாங்க, மோட்டாரையே பெரிசா பலமா வச்சுக்கோ, கியரைக் கம்மி பண்ணுன்னு. அப்ப மூட்டு விறைச்சுக்கிட்டு நிக்காது, தள்ளினா கொஞ்சம் விட்டுக்கொடுத்து திரும்ப வரும். இந்த மாதிரி மோட்டாரை சீனால ரோபோ நாய் செய்யற கம்பெனிங்க ஆயிரக்கணக்குல செஞ்சு விலையை இறக்கிட்டாங்க.

ரெண்டாவது, நடையைச் சொல்லிக்கொடுக்கற முறையே மாறிப்போச்சு. கணக்குப் போட்டு அடி வைக்கறதை விட்டுட்டு கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய் உலகத்தை உருவாக்கி அதுல ஆயிரக்கணக்கான ரோபோக்களை ஒரே நேரத்துல விழ விடறாங்க. விழாம முன்னாடி போனா மார்க், விழுந்தா மார்க் கட். தரை வழுக்குது, ஒருத்தன் தள்ளறான், முதுகுல திடீர்னு ரெண்டு கிலோ ஏறுது, ஒரு மோட்டார் கொஞ்சம் லேட்டா வேலை செய்யுது, இப்படி எல்லாத்தையும் இஷ்டத்துக்கு மாத்தி மாத்திக் குடுப்பாங்க. நிஜத்துல பல வருஷம் ஆகற அனுபவம் அங்க சில மணி நேரத்துல கிடைச்சுரும், அப்புறம் அந்தப் பழக்கத்தை அப்படியே நிஜ ரோபோவுக்குள்ள ஏத்தினா பொய் உலகத்துல அவ்வளவு பாத்துட்டதால நிஜத் தரை அதுக்குப் பெரிய விஷயமா தெரியாது. இன்னிக்கு நீங்க பாக்கற டான்ஸ், கராத்தே எல்லாம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான், மனுஷன் ஆடறதைப் பதிவு பண்ணி, அதை மாதிரியே விழாம ஆடுன்னு பழக்கறாங்க.

எவ்வளவு தூரம் வந்திருக்குங்கறதுக்கு 2025 ஏப்ரல் 19 பெய்ஜிங் அரை மாரத்தானைப் பாக்கலாம். 21 கிலோமீட்டர், மனுஷங்களுக்குப் பக்கத்துல தனி டிராக்ல 21 ரோபோ ஓடுச்சு. ஆறுதான் முடிச்சுது. முதல்ல வந்த தியாங்கோங் அல்ட்ரா 2 மணி 40 நிமிஷத்துல வந்துச்சு, நடுவுல மூணு தடவை பேட்டரி மாத்தினாங்க, ஒரு தடவை விழுந்துச்சு. சிரிக்கறவங்க சிரிக்கட்டும், பத்து வருஷம் முன்னாடி கதவைத் திறக்கப் போய் விழுந்த ஜாதி 21 கிலோமீட்டர் ஓடினது சின்ன சமாச்சாரம் இல்ல.

சரி, இப்ப கைக்கு வருவோம். கால்ல ஜெயிச்ச அதே முறையை கைக்கும் போட்டா என்னன்னு தோணும். போட்டுப் பாத்துட்டுத்தான் இருக்காங்க, ஆனா கஷ்டம் வேற இடத்துல இருக்கு. காலுக்குத் தரைதான் உலகம், தரை கெட்டியா இருக்கும், ரெண்டு பாதம் எங்க எப்படித் தொடுதுங்கறதை கம்ப்யூட்டர்ல ஓரளவு சரியா உருவாக்கிடலாம். கைக்கு அப்படி இல்லையே. ஈரத்தட்டு வழுக்கும், பால் பாக்கெட் நசுங்கும், துணி ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி சுருண்டு கிடக்கும், சாவியைத் துவாரத்துல விடும்போது அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனா இடிக்கும். இதையெல்லாம் பொய் உலகத்துல தத்ரூபமா உருவாக்கறதே இன்னும் முழுசா கைகூடல. இன்னொண்ணு, ஒரு பொருளைப் பிடிச்ச உடனே விரலே அதை மறைச்சுரும், கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. நாம பையில கையை விட்டு, பாக்காமலே சில்லறைக்கும் சாவிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறோம்ல, அது கண்ணு பண்ற வேலை இல்ல, தோல் பண்ற வேலை. மனுஷனோட ஒரு கையில உள்ளங்கையும் விரல்களோட உள்பக்கமும் சேந்து சுமார் 17,000 தொடு உணர்வு நரம்பு முனை இருக்கு. ஐரோபோட்டை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ராட்னி ப்ரூக்ஸ் 2025ல இதைத்தான் அழுத்திச் சொன்னார், மனுஷன் கையை வீடியோவா பாத்து மட்டும் ரோபோவுக்கு கைத்திறமை வந்துராது, தொடறப்ப கிடைக்கற தகவல் எங்க இருக்குன்னு கேட்டார். இன்னிக்கு வர்ற ரோபோ கைகள்ல விரல் நுனில சில சென்சார் வைக்க ஆரம்பிச்சிருக்காங்க, ஆனா 17,000 எங்க, இது எங்க.

சாட்ஜிபிடி மாதிரி இதுவும் திடீர்னு ஒரு நாள் கத்துக்கிட்டா என்னன்னு நிறைய பேர் கேக்கறாங்க. மொழிக்கு இன்டர்நெட் முழுக்க எழுத்து கொட்டிக் கிடந்துச்சு, அள்ளிப் போட்டாங்க. ஒரு டவலை மடிக்கும்போது ஒவ்வொரு விரலும் எங்க இருந்துச்சு, எவ்வளவு அழுத்துச்சுங்கற தகவல் எந்த வெப்சைட்லயும் இல்ல. அதை ஒவ்வொண்ணா மனுஷன்தான் செஞ்சு உண்டாக்கணும். அந்த வேலை எங்க நடக்குதுன்னு பாத்தா, நம்ம கரூர்ல நடக்குது. டவலும் பெட்ஷீட்டும் உலகம் பூரா அனுப்பற அதே கரூர்தான். அங்க ஆப்ஜெக்ட்வேஸ்னு ஒரு கம்பெனியில வேலை செய்யறவங்க நெத்தில கேமராவைக் கட்டிக்கிட்டு ஒரு கூடையில இருந்து கைத்துண்டை எடுத்து, உதறி, சொல்லிக் கொடுத்த வரிசைப்படி மடிச்சு, குறிப்பிட்ட இடத்துல வைக்கறாங்க, திரும்பத் திரும்ப. ஒரு நிமிஷத்துக்கு மேல ஆனாலோ ஒரு ஸ்டெப் விட்டுப் போனாலோ அந்த டேக் செல்லாது, முதல்லேர்ந்து செய்யணும். அந்த வீடியோவுல கை எங்க இருக்கு, துணி எங்க இருக்குன்னு குறிச்சு அமெரிக்காவுக்கு அனுப்புவாங்க. 2025ல இது செய்தியா வந்தப்ப நான் ரொம்ப நேரம் அதையே யோசிச்சுட்டு இருந்தேன். ஒரு டவல் மடிக்கறதுல இவ்வளவு திறமை இருக்குன்னு உலகம் இப்பதான் ஒத்துக்குது, ஆனா அந்தத் திறமைக்கு விலை வைக்கும்போது அதை "சாதாரண வேலை"ன்னே கணக்குப் பண்ணுது. நாளைக்கு ஒரு ரோபோ நல்லா துணி மடிச்சா அதுல இந்த ஊர்க்காரங்க கை இருக்கும், அதைச் சொல்லவும் வேணும், அதுக்கு உண்டான காசும் அவங்களுக்குப் போகணும்.

இந்த மாதிரி தகவலை வச்சு கண்ணால பாத்து, பேச்சைப் புரிஞ்சு, கையை அசைக்கற ஏஐ மாடல்கள் வருது. கூகுள் 2023ல ஆர்டி-2ன்னு ஒண்ணு காட்டினாங்க, 2024 அக்டோபர்ல ஃபிசிக்கல் இன்டெலிஜென்ஸ்ங்கற கம்பெனி பை-ஜீரோன்னு ஒண்ணு, 2025 பிப்ரவரில ஃபிகர் கம்பெனியோட ஹீலிக்ஸ். முன்னாடி ஒவ்வொரு பொருளுக்கும் தனியா ப்ரோக்ராம் எழுதணும், இப்ப "அந்தச் சிவப்பு டப்பாவை எடு"ன்னா முன்னப்பின்ன பாக்காத டப்பாவா இருந்தாலும் கை நீளுது. இது நிஜமான மாற்றம், சின்னதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பத்துக்கு ஒன்பது தடவை சரியா எடுக்கறது லேப்ல கைத்தட்டல் வாங்கும், ஃபேக்டரி லைன்ல அந்தப் பத்தாவது தடவை லைனை நிறுத்திடும். சூப்பர்வைசர் கேக்கறது ஆயிரத்துல எத்தனைன்னு.

அப்ப இதுவரைக்கும் நிஜமா சம்பளத்துக்கு வேலை பாத்த ஹ்யூமனாய்டு எது? விரல் விட்டு எண்ணிரலாம். அமெரிக்கால அஜிலிட்டி கம்பெனியோட டிஜிட், ஜார்ஜியா மாநிலத்துல ஜிஎக்ஸ்ஓங்கற லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி குடோன்ல 2024 ஜூன்ல ஒப்பந்தம் போட்டு வேலைக்குச் சேந்துச்சு. வேலை என்னன்னா, சின்ன வண்டி ஒண்ணு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டு வரும், இது அதை எடுத்து கன்வேயர் மேல வைக்கும். 16 கிலோ வரைக்கும் தூக்கும். டிஜிட்டோட கையைப் பாத்தீங்கன்னா அஞ்சு விரல் எல்லாம் கிடையாது, பெட்டியை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கற மாதிரி எளிமையான பிடிதான், முட்டியும் நம்மளை மாதிரி இல்லாம பின்பக்கமா மடங்கும். 2025 நவம்பர்ல ஒரு லட்சம் பெட்டியைத் தாண்டிட்டோம்னு அறிவிச்சாங்க. கேக்க பெரிசா இருக்கு, ஆனா ஒப்பந்தம் போட்ட நாள்லேர்ந்து வகுத்துப் பாத்தா ஒரு நாளைக்கு சராசரியா 200 பெட்டிதான் வருது. அதுக்காக நான் குறை சொல்லல, யாராவது காசு கொடுத்து ஒன்றரை வருஷமா வச்சிருக்காங்கங்கறதே இந்தத் துறைக்குப் புதுசு. எங்க நிக்கறோம்னு அளந்து பாக்கறதுக்கு இந்த எண் உதவும்.

இன்னொண்ணு ஃபிகர் கம்பெனி, தென் கரோலினா மாநிலத்துல ஸ்பார்டன்பர்க்ல இருக்கற பிஎம்டபிள்யூ கார் ஃபேக்டரி. ஃபிகர் 02 மாடலுக்கு அங்க ஒரே வேலை, தகடை ரேக்ல இருந்து எடுத்து வெல்டிங் பண்ற மேடையில அஞ்சு மில்லிமீட்டருக்குள்ள சரியா வைக்கணும். அதுக்கப்புறம் வெல்டிங் வைக்கறது யாருன்னா, ரொம்ப வருஷமா இருக்கற பழைய ஒத்தைக் கை ரோபோக்கள்தான். 2025 நவம்பர்ல இந்த மாடலை ரிட்டையர் பண்ணப்ப கம்பெனியே கணக்கு சொல்லுச்சு, 1,250 மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு, 90,000க்கு மேல தகடு வச்சுது, 30,000 எக்ஸ்3 கார் உற்பத்தியில பங்கு, ஒரு சுத்து முடிக்க 84 செகண்ட். 90,000ஐ 1,250ஆல வகுத்தா மணிக்கு 72 தகடு. எனக்கு அந்த அறிக்கையில ரொம்பப் பிடிச்சது, எது அதிகமா ரிப்பேர் ஆச்சுன்னு அவங்களே எழுதினதுதான். முன்னங்கை. மணிக்கட்டு நாம திருப்பற மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பணும், விரலுக்குப் போற ஒயர் எல்லாம் அந்தக் குறுகலான இடத்துக்குள்ள போகணும், மோட்டார் சூடு தணியணும், ஒவ்வொரு அசைவுக்கும் ஒயர் வளைஞ்சு வளைஞ்சு தேயும். கால் ஒடிஞ்சுதுன்னு அவங்க பெரிசா சொல்லல, கைதான் மக்கர் பண்ணுச்சு.

ஃபேக்டரில இதுங்க எல்லாம் பெரும்பாலும் தனித் தடுப்புக்குள்ளயோ, ஆள் வந்தா நிக்கற ஏற்பாட்டோடயோதான் வேலை செய்யுது, வீடியோல அது அவ்வளவா தெரியாது. காரணம் எளிமையானது. சாதாரண மெஷின்ல ஆபத்துன்னா சிவப்பு பட்டனை அமுக்கினா கரண்ட் கட், மெஷின் அப்படியே நின்னுரும். ரெண்டு கால்ல நிக்கற ரோபோவுக்கு கரண்ட்டை கட் பண்ணா அது நிக்காது, விழும். 60, 70 கிலோ உலோகம், பக்கத்துல இருக்கறவர் மேலயே விழலாம். நிக்கறதுக்கே அது எப்பவும் சக்தி செலவு பண்ணணும், விழப் போற நேரத்துல காலை வேகமா வீசி எடுத்து வைக்கும், அந்தக் கால் யார் மேலயாவது பட்டா எலும்பு தாங்காது. இப்படி சமநிலையை நம்பி நிக்கற ரோபோக்களுக்குன்னு தனியா சர்வதேசப் பாதுகாப்பு விதியே இப்பதான் உலகத் தர விதிகளை வகுக்கற ஐஎஸ்ஓ அமைப்புல எழுதிட்டு இருக்காங்க, 25785னு அதுக்கு நம்பர் கொடுத்திருக்காங்க. அது வந்து, அதுக்கு ஏத்த மாதிரி ரோபோ வந்தாதான் மனுஷனும் அதுவும் தோளோட தோள் நின்னு வேலை செய்யற காட்சியை நிஜமா எதிர்பாக்கலாம்.

வீடு இதைவிட ரொம்பக் கஷ்டம். ஃபேக்டரில தகடு எப்பவும் ஒரே சைஸ், ஒரே ரேக். வீட்டுல தரையில குழந்தை தவழும், பூனை குறுக்க போகும், நேத்து இருந்த ஸ்டூல் இன்னிக்கு வேற இடத்துல இருக்கும். 2025 அக்டோபர்ல 1எக்ஸ்ங்கற கம்பெனி நியோன்னு வீட்டு ரோபோவை 20,000 டாலர் விலைக்கு, இல்லேன்னா மாசம் 499 டாலர் வாடகைக்குன்னு புக்கிங் ஆரம்பிச்சாங்க. 30 கிலோதான் எடை, மேல துணி உறை, கெட்டியான கியருக்குப் பதிலா மோட்டார் கயிறை தசைநார் மாதிரி இழுக்கற அமைப்பு, அதனால மோதினாலும் அடி பலமா படாதுங்கறாங்க, பாதுகாப்பு பத்தி யோசிச்சு செஞ்சிருக்காங்கங்கறதை நான் மதிக்கிறேன். ஆனா அறிமுகத்தப்ப வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் நேர்ல போய்ப் பாத்தப்ப அது செஞ்ச வேலை அத்தனையும் பக்கத்து ரூம்ல விஆர் கண்ணாடி போட்ட ஒருத்தர் ஓட்டினது. ஃபிரிட்ஜ்ல இருந்து தண்ணி பாட்டில் எடுத்துட்டு வர ஒரு நிமிஷம், மூணு பாத்திரத்தை டிஷ்வாஷர்ல வைக்க அஞ்சு நிமிஷம். தெரியாத வேலைன்னா கம்பெனி ஆள் தூரத்துல இருந்து உங்க வீட்டு ரோபோ வழியா பாத்து செஞ்சு கொடுப்பாருங்கறதுதான் திட்டமே, நீங்க சம்மதிச்ச நேரத்துல மட்டும், முகத்தை மங்கலாக்கிடுவோம், போகக்கூடாத ரூமைச் சொல்லிடலாம்னு எல்லாம் சொல்றாங்க. மறைக்காம சொன்னதுக்குப் பாராட்டலாம். ஆனாலும் ஒரு வீட்டுக்குள்ள கேமராவும் கையும் இருக்கற ஒண்ணை வெளியாள் ஓட்டறதுன்னா அது வீட்டுக்கு ஆள் வச்சுக்கற மாதிரிதான், ஆள் யாருன்னு மட்டும் நமக்குத் தெரியாது. டெஸ்லாவும் 2024 அக்டோபர் நிகழ்ச்சியில ஆப்டிமஸ் ரோபோக்கள் வந்தவங்களுக்கு டிரிங்ஸ் ஊத்திக் கொடுத்து அரட்டை அடிச்சதுக்குப் பின்னாடி ஆள் இருந்தாங்கங்கறது அப்புறம்தான் வெளிய வந்துச்சு. அதனால எந்த வீடியோ வந்தாலும் முதல்ல தேட வேண்டியது, இதை ஓட்டறது யாரு, வீடியோவை வேகமா ஓட விட்டிருக்காங்களா, வெட்டாம எடுத்ததா, இந்த மூணும்தான்.

மனுஷ உருவம் எதுக்கு வேணும்னு ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கு. ஆதரிக்கறவங்க சொல்ற காரணம் நல்ல காரணம்தான், படி, கதவு, கருவி எல்லாமே மனுஷன் உயரத்துக்கும் கைக்கும் செஞ்சது, அதே உருவத்துல ஒண்ணு வந்தா கட்டடத்தை மாத்த வேண்டியதில்ல. பழைய ஃபேக்டரிக்கு இது பொருந்தும். ஆனா நல்ல லாபம் கொடுத்த ரோபோக்கள் எல்லாம் இதுக்கு நேர் எதிர்ப் பாதையில வந்தது. அமேசான் 2012ல கிவாங்கற கம்பெனியை 77.5 கோடி டாலருக்கு வாங்கினாங்க, அது தரையோட தரையா ஓடி ரேக்கையே தூக்கிட்டு வர்ற தட்டையான வண்டி, ஆள் நடந்து போய் எடுக்கறதுக்குப் பதிலா அலமாரி ஆளைத் தேடி வரும். 2025 ஜூலைல அமேசான் குடோன்கள்ல ரோபோ எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டுச்சு. அதுல பெரும்பாலானது இந்த மாதிரி ஓடற வண்டிதான், மனுஷ உருவம் கிடையாது.

நம்ம ஊர்லயே இதுக்கு உதாரணம் இருக்கு, இதைச் சொல்லாம விட எனக்கு மனசு வராது. ரோபோ அவசியமா செய்ய வேண்டிய வேலை எதுன்னு என்னைக் கேட்டா சாக்கடைக்குள்ள மனுஷன் இறங்கற வேலையைத்தான் சொல்வேன். 2013லயே சட்டம் போட்டு தடை பண்ணியாச்சு, 2023ல சுப்ரீம் கோர்ட் சாவுக்கு 30 லட்சம் நஷ்டஈடுன்னு சொல்லியாச்சு, இன்னும் சாவு நிக்கல. திருவனந்தபுரத்துல ஜென்ரோபோட்டிக்ஸ்னு இளைஞர்கள் ஆரம்பிச்ச கம்பெனி பாண்டிகூட்ங்கற மெஷினைச் செஞ்சாங்க, 2018லயே கும்பகோணத்துக்கு வந்துச்சு. மேன்ஹோலுக்குள்ள இறங்கற பகுதியில கேமரா, விஷவாயு சென்சார், அள்ளற கை, மேல நிக்கறவர் ஸ்கிரீனைப் பாத்து ஓட்டுவார். சென்னை ஐஐடில செப்டிக் டேங்குக்குன்னு ஹோமோசெப் செஞ்சாங்க, உள்ள போனதும் விரியற பிளேடு கெட்டியான கழிவைக் கரைச்சு உறிஞ்சற மாதிரி ஆக்கும். ரெண்டுக்கும் மனுஷ முகம் கிடையாது, மனுஷன் மாதிரி நடக்காது. மேல ஒருத்தர் நின்னு ஓட்டறது இங்க குறையே இல்ல, ஏற்கனவே இறங்கிட்டு இருந்தவரே மேல நின்னு ஓட்டினா வேலையும் போகாது, உயிரும் போகாது. டான்ஸ் ஆடற ரோபோவுக்குக் கிடைக்கற வெளிச்சத்துல நூத்துல ஒரு பங்கு இதுக்குக் கிடைச்சா ஊருக்கு ஊர் இருந்திருக்கும்.

சீனாவைப் பத்தி சொல்லாம இதை முடிக்க முடியாது, ஏன்னா விலையை உடைச்சது அவங்கதான். ஹாங்சோவுல இருக்கற யூனிட்ரீ 2024ல ஜி1 ரோபோவை 99,000 யுவானுக்கும் 2025 ஜூலைல ஆர்1 ரோபோவை 39,900 யுவானுக்கும் அறிவிச்சுது, ரெண்டாவது நம்ம காசுக்கு அஞ்சு லட்சம் பக்கம், ஒரு சின்ன கார் விலை. இவ்வளவு கம்மியான்னு ஆச்சரியப்படறவங்க அந்த விலைக்கு என்ன வருதுன்னு பாக்கணும், ஜி1ல அந்த ஆரம்ப விலைக்கு நடக்கற உடம்பு வரும், பொருளைப் பிடிக்கற விரல் தனிக் காசு. வாங்கறவங்க பெரும்பாலும் யூனிவர்சிட்டி, ஆராய்ச்சி லேப், அப்புறம் கண்காட்சி, விழாவுக்கு வாடகைக்கு விடறவங்க. இதுவும் பயனுள்ள விஷயம்தான், முன்னாடி கோடிக்கணக்குல செலவு பண்ணாதான் கிடைச்ச உடம்பு இன்னிக்கு ஒரு காலேஜ் லேப்ல நிக்குது, கை பிரச்சனையைத் தீக்கப் போறவங்க அங்கேர்ந்துதான் வரப் போறாங்க. ஆனா ஃபேக்டரி ஆர்டர்னு நினைச்சு அந்த விற்பனை எண்ணைப் படிக்கக்கூடாது. சீன அரசோட திட்டக் கமிஷனே 2025 நவம்பர்ல எச்சரிக்கை விட்டுச்சு, 150க்கு மேல ஹ்யூமனாய்டு கம்பெனி இருக்கு, எல்லாரும் ஒரே மாதிரி ரோபோவைத்தான் செய்யறாங்க, இது ஊதிப் பெருத்துடக் கூடாதுன்னு.

இனிமே எதைக் கவனிக்கறதுன்னா நான் பாக்கறது தேதியை. எலான் மஸ்க் 2025லயே ஆயிரக்கணக்குல ஆப்டிமஸ் வரும்னு சொல்லிட்டு இருந்தார், 2026 ஜனவரில முதலீட்டாளர்கள் கேட்டப்ப எங்க ஃபேக்டரில இன்னும் சொல்லிக்கற மாதிரி வேலை எதுவும் செய்யல, ஆராய்ச்சிக் கட்டத்துலதான் இருக்குன்னு ஒத்துக்கிட்டார், அதுல ரொம்பக் கஷ்டம் கைதான்னு அவரே பல தடவை சொல்லியிருக்கார். இன்னொரு பக்கம் பாஸ்டன் டைனமிக்ஸ், முப்பது வருஷத்துக்கு மேல நடக்கற ரோபோவிலயே ஊறினவங்க, 2024 ஏப்ரல்ல எண்ணெய் அழுத்தத்துல இயங்கற பழைய ஹைட்ராலிக் அட்லஸ் ரோபோவை ஓரம் கட்டிட்டு மறுநாளே முழுக்க கரண்ட்ல ஓடற புது அட்லஸைக் காட்டினாங்க, 2026 ஜனவரில அதோட விற்பனை மாடலும் வந்துச்சு. அவங்க ஓனரே ஹூண்டாய், சொந்த ஃபேக்டரி ஜார்ஜியாவுல தயாரா இருக்கு, யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல. அப்படி இருந்தும் அவங்க கொடுத்திருக்கற தேதி, 2028ல பார்ட்ஸை வரிசைப்படி எடுத்து அடுக்கற வேலை, பாதுகாப்பும் தரமும் நிரூபணம் ஆனதுக்கு அப்புறம் 2030 வாக்குல அசெம்ப்ளி. கார் பார்ட்ஸைச் சேத்து மாட்டற அசெம்ப்ளி வேலைக்கு விரல் வேணும், அடுக்கற வேலைக்கு பிடி போதும், அதனாலதான் அந்த ரெண்டு வருஷ இடைவெளின்னு நான் படிச்சுக்கறேன். 2028ல அந்த அடுக்கற வேலையை ஒரு முழு ஷிஃப்ட், தடுப்பு இல்லாம, பக்கத்துல மனுஷங்க நடமாட அது செஞ்சா என் கணக்கை நான் மாத்திக்குவேன்.